பலகை மட்டும் வயலைக் காக்காது: வட கரோலைனா கவுண்டி ஆணையர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர்களுக்கு,

வணக்கம். இந்த மடலைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. ராலே, கேரி பக்கம் ஒரு காலத்தில் புகையிலையும் சோயாவும் விளைந்த மண்ணில் எழும்பிய குடியிருப்புகளில் தமிழ்க் குடும்பங்களும் நிறைய. விளைநிலம் குறைகிறதே என்று பேசும்போது நாங்கள் வெறும் பார்வையாளர்கள் இல்லை. ஆகவே உங்களிடம் கேட்பதை எங்கள் ஆட்களும் படிக்கட்டும்.

நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. 2040-க்குள் அதிக விளைநிலத்தை இழக்கக்கூடிய மாநிலங்களில் டெக்சாஸுக்கு அடுத்த இடம் நமக்குத்தான், 10 லட்சம் ஏக்கருக்கு மேல் போகலாம் என்று விளைநிலப் பாதுகாப்புக்காக இயங்கும் அமெரிக்கன் ஃபார்ம்லேண்ட் டிரஸ்ட் அமைப்பு 2022-இல் கணித்தது.

இதற்கு நம் மாநிலம் 1985-லேயே ஒரு சட்டம் போட்டது. கவுண்டி, அதாவது மாநிலத்துக்கு உட்பட்ட உள்ளாட்சி, விவசாயத்துக்கென்று குறித்த பகுதியாக 'தன்னார்வ வேளாண் மாவட்டம்' அமைக்கலாம். விவசாயி விரும்பினால் சேரலாம், எழுதிக் கொடுத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் விலகலாம். கட்டாயம் இல்லை என்பதில் எனக்குக் குறையே இல்லை. வயதான பல விவசாயிகளுக்கு நிலம்தான் ஓய்வூதியம். அதை விற்காதே என்று சொல்ல நாம் யார்?

ஆனால் சேர்ந்தவருக்கு என்ன கிடைக்கிறது? சாலையோரம் ஒரு பலகை. அரசு அந்த நிலத்தைக் கையகப்படுத்த வந்தால், அந்த மாவட்டத்துக்கான கவுண்டியின் ஆலோசனை வாரியம் முதலில் ஒரு பொது விசாரணை நடத்தலாம். தடுக்க முடியாது, கொஞ்சம் தாமதிக்கலாம், அவ்வளவுதான். அப்புறம் பக்கத்தில் பண்ணை இருக்கிறது என்று நில ஆவணத்தில் ஒரு எச்சரிக்கைக் குறிப்பு: கோழி, பன்றி, பால் பண்ணையென்றால் அரை மைலுக்குள், மற்றப் பண்ணையென்றால் 600 அடிக்குள் இருக்கும் மனைகளுக்கு. நல்ல ஏற்பாடு. ஆனால் அது பத்திரத்தைச் சரிபார்க்கும் வக்கீலின் கண்ணில் பட்டால் உண்டு. வீடு வாங்குகிறவருக்கு அது தெரிவதற்குள், எருவின் வாடை ஜன்னல் வழியே வந்துவிடும், அடுத்தது புகார். அந்தக் குறிப்பை எளிய மொழியில் ஒரு பக்கமாக வாங்குகிறவர் கையிலேயே கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். தமிழில் வேண்டுமென்றால் மொழிபெயர்த்துத் தர எங்களில் ஆள் இருக்கிறது.

சரி, இதெல்லாம் விற்கும் எண்ணமே இல்லாதவருக்குப் போதும். விற்பதா வேண்டாமா என்று ஊசலாடுகிறவரை நிறுத்தி வைக்கப் பணம் வேண்டும். அதற்கான வழியை நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுண்டி 1974-லேயே காட்டிவிட்டது: நிலத்தை வாங்காமல், அதில் வீடு கட்டும் உரிமையை மட்டும் விலை கொடுத்து வாங்கும் திட்டத்தைத் தொடங்கியது. மனையாக விற்றால் என்ன விலை, வயலாக விற்றால் என்ன விலை என்று பார்த்து, அந்த வித்தியாசத்தை விவசாயிக்குக் கொடுத்துவிடுவார்கள். நிலம் அவருடையதுதான். உழலாம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். மனை போட மட்டும் முடியாது, அவருக்குப் பின் வருபவராலும் முடியாது.

இங்கும் இதற்கு மாநில நிதியம் உண்டு. அமெரிக்க மத்திய அரசின் திட்டம் பொதுவாக அந்த உரிமையின் மதிப்பில் பாதி வரை தரும். மீதிக்குக் கவுண்டியைப் பார்த்தால், பட்ஜெட்டில் இடமில்லை என்கிறீர்கள்.

இடம் இருக்கிறது. விளைநிலத்துக்குச் சந்தை மதிப்பில் அல்லாமல், சாகுபடி மதிப்பில்தான் சொத்துவரி போடுகிறோம். அந்த நிலம் சலுகைக்கான தகுதியை இழந்து குடியிருப்பாக மாறும்போது, நடப்பாண்டுக்கும் முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும் சலுகையால் தள்ளிவைத்த வரியை வட்டியோடு வசூலிக்கிறீர்கள். வயல் அழியும்போது வரும் இந்தப் பணம் பொது நிதியில் கலந்துவிடுகிறது. அதை அப்படியே ஒதுக்கி, அடுத்த வயலின் கட்டுமான உரிமையை வாங்கச் செலவிடுங்கள். புது வரி தேவையில்லை. மாநிலத்தில் சில கவுண்டிகள் இதை ஏற்கெனவே செய்கின்றன.

வாங்கும்போது ஏக்கர் கணக்கு காட்டுவதற்காக இங்கொன்றும் அங்கொன்றுமாக வாங்காதீர்கள். நாலு பக்கமும் வீடுகள் சூழ்ந்த 40 ஏக்கரில் மருந்தடிக்கவும் முடியாது, அறுவடை இயந்திரத்தை ரோட்டில் ஓட்டிப் போகவும் முடியாது. பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் சேர்ந்து வந்தால் அவர்களுக்கு முதலிடம் கொடுங்கள்.

நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. அதற்கு முன் நடக்கும் பட்ஜெட் பொது விசாரணையில் இந்த ஒதுக்கீட்டை விவாதத்துக்கு எடுங்கள். பேசுவதற்குப் பெயர் கொடுக்க எங்கள் குடியிருப்பிலிருந்தும் வருகிறோம்.

இப்படிக்கு,
பழைய புகையிலை வயல் ஒன்றில் வீடு வாங்கிய ஒருவர்