ஆபீஸில் தொட்டில் போடுவதற்கு முன்

கண்ணு,

போனில் நீ அவசரத்தில் இருந்தாய், அதனால் எழுதுகிறேன். கம்பெனியில் ஆள் கணக்கு 50-ஐத் தாண்டிவிட்டது, சட்டப்படி குழந்தைக் காப்பகம் வேண்டும், ஒரு ரூமை ஒதுக்கிப் பொம்மை வாங்கிப் போட்டால் போதுமா என்று கேட்டாய்.

போதாது. நான் வேலை பார்த்த மில்லிலும் ரூம் இருந்தது. இன்ஸ்பெக்டர் வரும் அன்று தொட்டில் கட்டுவார்கள், ஆயா வெளுத்த சேலையில் நிற்பாள். மறுநாள் பார்த்தால் அங்கே நூல் கோன் அடுக்கியிருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். ஷிப்ட் நடுவில் பால் கொடுக்கப் போக மேஸ்திரியிடம் நின்று கேட்க வேண்டும் பார், அதுதான் தாங்கவில்லை. 2017-லேயே மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, காப்பகத்துக்கு நாளைக்கு நான்கு முறை போய் வரலாம் என்று தெளிவாகவே போட்டுவிட்டார்கள். உன் டீம் லீடர்களுக்கு அது தெரியுமா? எழுந்து போகிறவளை யாராவது கடிகாரம் பார்த்து வழியனுப்பினால் காப்பகம் இருந்தும் பயனில்லை.

அப்புறம், 12 வாரமாக இருந்த பேறுகால விடுப்பை முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஆக்கியதும் அதே திருத்தம்தான். மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் என்றால் ஈ.எஸ்.ஐ. என்கிற அரசுத் தொழிலாளர் காப்பீடு கிடையாது, விடுப்புச் சம்பளம் முழுக்க உன் கையிலிருந்து போகும். வலிக்கும், தெரியும். அதற்காக இன்டர்வியூவில் "குழந்தைக்கு எப்போது பிளான்" என்று கேட்கிறாயாமே, மருமகள் சொன்னாள். அதை இன்றோடு விடு. பையன்களிடம் கேட்கிறாயா?

லீவு முடிந்து வருகிற பெண்ணுக்குப் பாவம் பார்த்து சின்ன வேலையாகத் தள்ளிவிடாதே. பழைய வேலையே வேண்டுமா, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அவளையே கேள். சாயங்காலம் ஆறு மணி மீட்டிங்கைக் காலை பதினொன்றுக்கு மாற்று. "முடிந்தவர்கள் வாங்க" என்று சொல்லி ஆறு மணிக்கே வைத்தால், வராதவள் பெயர் இன்கிரிமென்ட் நேரத்தில் எப்படியும் ஞாபகம் வரும்.

அப்பாக்களுக்கு மத்திய அரசு வேலையில் 15 நாள் லீவு உண்டு. தனியாரில் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை. சரி, கொடுக்கக் கூடாது என்றும் இல்லையே! ஐப்பசியில் உனக்கே பிறக்கப்போகிறது. முதல் ஆளாக நீ எடு. ஆஸ்பத்திரி வராந்தாவில் லேப்டாப்பை விரிக்காமல், நிஜமாக எடு. முதலாளி எடுக்காத லீவை உன் ஆபீஸ் பையன்கள் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். உங்கள் அப்பாவும் கேட்கவில்லை. நீ பிறந்த மூன்றாம் நாள் நைட் ஷிப்டுக்குப் போனார்.

வளைகாப்புத் தேதியைச் சம்பந்தி வீட்டில் கேட்டுச் சீக்கிரம் சொல். சேரன் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் கிடைப்பதில்லை.

அம்மா