நாவல் வரலாற்றின் முதல் பக்கம்: தமிழ்ப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இளங்கலை, முதுகலைத் தமிழ் மாணவர்களுக்கு நீங்கள் வகுத்துத் தரும் இக்கால இலக்கியத் தாளில் நாவலுக்கென்று ஓர் அலகு இருக்கிறது. பல ஆண்டுகளாக அதைக் கற்பித்து வருபவன் நான். எந்தப் பாடநூலை எடுத்தாலும் அந்த அலகு ஏறத்தாழ ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடுத்தர வர்க்கம் எழுந்தது, அச்சு பரவியது, 1719-இல் டேனியல் டீஃபோவின் ‘ராபின்சன் குரூசோ’வும் 1740-இல் சாமுவேல் ரிச்சர்ட்சனின் ‘பமீலா’வும் வந்தன, நாவல் பிறந்தது. பிறகு ஆங்கிலக் கல்வியோடு அது இங்கே வந்து இறங்கியது. 1879-இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தது. இரண்டு பக்கத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இந்தத் தொடக்கத்தை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நாவல் இங்கிலாந்தில் பிறந்தது என்ற எண்ணத்துக்கு வலுவூட்டியவர்களில் முக்கியமானவர் இயன் வாட். அவர் 1957-இல் எழுதிய ஆய்வு டீஃபோ, ரிச்சர்ட்சன், ஃபீல்டிங் என்ற மூன்று ஆங்கில எழுத்தாளர்களைப் பற்றியது. அந்த அளவில் அது அருமையான ஆய்வு. ஒரு தனிமனிதனின் அன்றாடத்தை, அவன் வரவு செலவை, அவன் வீட்டுக் கதவை, மணி நேரத்தை அத்தனை நெருக்கமாக எழுதும் முறை அங்கே எப்படி வந்தது என்பதை அது விளக்குகிறது. ஒரு நாட்டின் ஒரு வகை நாவலுக்கான விளக்கத்தை உலகம் முழுவதற்குமான பிறப்புச் சான்றிதழாக ஆக்கிக்கொண்டதில்தான் பிழை.

ஒரு கதையின் தொடக்கத்தைச் சொல்கிறேன். விடியற்காலை. நைல் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு மேலே ஒரு குன்று. ஆயுதம் தாங்கிய கொள்ளையர் சிலர் அங்கிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். கீழே ஒரு சரக்குக் கப்பல் நிற்கிறது. பாரத்தால் நன்றாக அமிழ்ந்திருக்கிறது. ஆள் ஒருவரும் இல்லை. கரையெங்கும் பிணங்கள், சிலவற்றில் இன்னும் துடிப்பு அடங்கவில்லை. நடுவே விருந்து மேசைகள், சரிந்த கிண்ணங்கள், சிந்திய மது. விருந்து எப்படிப் போரானது? யார் வென்றார்கள்? வென்றவர்கள் ஏன் சரக்கை விட்டுவிட்டுப் போனார்கள்? கொள்ளையருக்கும் தெரியவில்லை, வாசகருக்கும் தெரியவில்லை. அப்போது ஒரு பாறையில் உட்கார்ந்திருக்கும் இளம்பெண் கண்ணில் படுகிறாள். தலையில் இலைக்கிரீடம், தோளில் அம்பறாத்தூணி, பார்வை முழுவதும் அடிபட்டுக் கிடக்கும் ஓர் இளைஞன் மேல்.

இன்றைய துப்பறியும் தொடர் எதற்கும் குறையாத இந்தத் தொடக்கம் கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஹீலியோடோரஸ் கிரேக்க மொழியில் எழுதிய ‘எத்தியோப்பியக் கதை’ அது. பத்துப் பகுதிகள் கொண்ட உரைநடைக் கதை. கடற்கரையில் நடந்தது என்ன என்பது ஐந்தாம் பகுதியில்தான் முழுதாகத் தெளிகிறது. அந்தப் பெண் காரிக்லியா எத்தியோப்பிய அரசியின் மகள். கருவுற்ற வேளையில் அரசி ஓர் ஓவியத்தில் இருந்த, கிரேக்கப் புராண இளவரசியான வெண்ணிற அந்திரோமிதாவைப் பார்த்ததால் கறுப்புப் பெற்றோருக்கு வெள்ளைக் குழந்தை பிறந்துவிட்டதாம். பழிக்கு அஞ்சிய தாய், பிறப்புக் கதையை ஒரு பட்டுப் பட்டையில் எழுத்தாகத் தைத்து, குழந்தையோடு வைத்து விட்டுவிடுகிறாள். இறுதியில் மெரோயி நகரில் அந்தப் பெண்ணையே பலியிடப் போகும் நேரத்தில் பட்டை வெளிவருகிறது, ஓவியத்தைக் கொண்டுவந்து முகத்தோடு ஒப்பிடுகிறார்கள், கையில் கருங்காலி வளையம் போன்ற மச்சம் தெரிகிறது. கதை முடியும் இடத்தில் ஆசிரியர் தன்னைப் பற்றி ஒரு வரி சொல்கிறார்: தான் எமேசா ஊரைச் சேர்ந்த ஃபினீசியன். எமேசா என்பது இன்றைய சிரியாவின் ஹோம்ஸ்.

இந்த வரியை மாணவர்கள் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். முழுதாகக் கிடைக்கும் ஐந்து கிரேக்கக் காதல் நாவல்களில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று ‘கலிரோயி’. அதை எழுதிய காரிட்டனின் ஊர் அஃப்ரோடிசியஸ், இன்றைய துருக்கியில். அக்கிலீஸ் டேஷியஸ் எகிப்தின் அலெக்சாந்திரியாக்காரர். முழுதாகக் கிடைத்திருக்கும் ஒரே லத்தீன் நாவல் அப்யூலியஸ் எழுதிய கழுதைக் கதை. அவர் பிறந்த மதாரஸ் இன்று அல்ஜீரியாவில் இருக்கிறது. ஆக, ஐரோப்பாவின் சொத்து என்று நாம் சொல்லிக்கொடுக்கும் வடிவத்தின் பழைய ஆசிரியர்களில் பலர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருந்த பன்மொழி நகரங்களின் பிள்ளைகள். வீட்டில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி, ஏட்டில் ஒரு மொழி என்று வாழ்ந்தவர்கள்.

அன்றாட வாழ்வு நாவலுக்குள் வர பதினெட்டாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பார்கள். அப்யூலியஸின் கழுதையைக் கேளுங்கள். மந்திரத்தால் கழுதையான மனிதன் ஒரு மாவு ஆலையில் செக்குமாடுபோல் சுற்றுகிறான். சுற்றிக்கொண்டே அங்கிருக்கும் அடிமைகளைப் பார்க்கிறான்: நெற்றியில் சூடு, பாதி மழித்த தலை, காலில் வளையம், புகையில் அரித்துப்போன இமைகள், முதுகெல்லாம் தழும்பு, மேலே படிந்த மாவு. இரண்டாம் நூற்றாண்டில் உழைப்பாளியின் உடலை இவ்வளவு அருகில் நின்று பார்த்த காவியம் எதையும் நான் படித்ததில்லை. பாட்டுக்கு உரிய தலைவர்கள் அல்லாதவர்களுக்கு உரைநடையில்தான் இடம் கிடைத்திருக்கிறது.

இவையெல்லாம் தொடர்பற்றுப்போன பழம்பொருள்களும் அல்ல. 1526-இல் ஹங்கேரியின் புடா நகரம் துருக்கியர் கையில் வீழ்ந்தபோது, மத்தியாஸ் அரசரின் நூலகத்திலிருந்து சூறையாடப்பட்டவற்றுள் ஹீலியோடோரஸின் கையெழுத்துப் படியும் ஒன்று. அது ஒரு படைவீரன் வழியாக ஓர் அறிஞர் கைக்கு வந்து, 1534-இல் பாசெல் நகரில் அச்சேறியது. 1547-இல் ஜாக் அமியோ அதைப் பிரெஞ்சில் தந்தார். தொடர்ந்து ஆங்கிலத்திலும் வந்தது. ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ் 1613-இல் எழுதிய ஒரு முன்னுரையில், தன் அடுத்த கதை ஹீலியோடோரஸோடு போட்டியிடத் துணிவது என்று பெருமையோடு அறிவிக்கிறார். இங்கிலாந்தில் பிலிப் சிட்னி தன் ‘ஆர்கேடியா’வை விரித்து எழுதியபோது ஹீலியோடோரஸை முன்மாதிரியாகக் கொண்டார். அதன் நாயகியரில் ஒருத்தியின் பெயர் பமீலா. நம் பாடநூல்கள் தொடக்கமாகக் காட்டும் ரிச்சர்ட்சனின் நாயகிக்குப் பெயர் வந்த வழி அதுதான். ‘குரூசோ’வுக்கு அரை நூற்றாண்டு முன்பே, 1670-இல், பியர் தானியல் உவே என்ற பிரெஞ்சு அறிஞர் இந்தக் கதைகளின் தோற்றம் பற்றித் தனியாக ஓர் ஆய்வுரை எழுதி, எகிப்தியர், அரேபியர், பாரசீகர், சிரியர் என்று கிழக்கு நோக்கிக் கை காட்டினார்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். மாணவர்களுக்குத் தண்டியலங்காரம் வைத்திருக்கிறீர்கள். நல்லது. உவமையணி, உருவகஅணி, சொல்லணியியலில் மாலைமாற்று, இதழ் ஒட்டாமல் பாடும் நிரோட்டம் எல்லாம் படிக்கிறார்கள். அதன் மூலநூலைச் சமஸ்கிருதத்தில் எழுதிய தண்டி, பல்லவர் காலக் காஞ்சியோடு தொடர்புடையவர் என்பது அறிஞர் பெரும்பாலோர் முடிவு. அவர் பெயரால் வழங்கும் ‘அவந்திசுந்தரி கதை’யில், மாமல்லபுரத்துக் கடற்கரையில் பள்ளிகொண்ட திருமாலின் உடைந்த கையைச் சிற்பி ஒருவர் ஒட்டவைத்ததைத் தண்டி போய்ப் பார்க்கும் இடம் இருக்கிறது. அதே தண்டி ‘தசகுமார சரிதம்’ என்ற உரைநடைக் கதையையும் எழுதினார். பத்து இளைஞர்கள் பிரிந்து, ஊர் ஊராக அலைந்து, திரும்பக் கூடி, ஒவ்வொருவரும் தான் பட்டதைச் சொல்கிறார்கள். கன்னமிடுதல், சூது, கணிகையர் வீடு, போலித் துறவிகள் எல்லாம் அதில் உண்டு. அவர்களில் ஒருவன், காதலி கடித்த உதடு வலிக்கிறதென்று, இதழ் ஒட்டும் எழுத்தே இல்லாமல் தன் கதை முழுவதையும் சொல்கிறான். நிரோட்டத்தை இலக்கணமாகப் படிக்கும் மாணவருக்கு, தண்டி அதை ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்து விளையாடியிருக்கிறார் என்பதை நாம் சொல்வதே இல்லை.

அதில் கோமினியின் கதை ஒன்று வருகிறது. காஞ்சி வணிகன் மகன் சக்திகுமாரன் தனக்கேற்ற பெண்ணைத் தேடிக் குறிசொல்பவனாகப் புறப்படுகிறான். துணி முனையில் கொஞ்சம் நெல். பெண்களிடம் அவன் கேட்பது ஒன்றே: “இந்த நெல்லைக் கொண்டே எனக்கு முழுச் சாப்பாடு போடுவாயா?” எல்லாரும் சிரித்து விரட்டுகிறார்கள். காவிரிக்கரை ஊர் ஒன்றில், நொடித்துப்போன குடும்பத்துப் பெண் கோமினி வாங்கிக்கொள்கிறாள். நெல்லை வெயிலில் காயவைத்து, உமி நொறுங்காமல் மெல்ல உரித்தெடுக்கிறாள். நகை துலக்கத் தட்டாருக்கு உமி வேண்டும் என்று விற்கச் சொல்லி, அந்தக் காசில் விறகும் சட்டியும் அகலும் வாங்குகிறாள். அரிசியைக் குத்திப் புடைத்துச் சோறாக்குகிறாள். வெந்ததும் கொள்ளியைத் தண்ணீர் தெளித்து அணைத்து, கரியையும் விற்கக் கொடுத்து, காய்கறி, நெய், தயிர், எண்ணெய், நெல்லிக்காய், புளி வாங்குகிறாள். வந்தவனை எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைத்து, முதலில் கஞ்சி, பிறகு நெய்விட்ட சோறு, கடைசியில் தயிர் மோர் என்று பரிமாறுகிறாள்.

இந்தப் பகுதியை வகுப்பில் ஒருமுறை வாய்விட்டுத் தமிழில் சொன்னேன். பொற்கொல்லர் வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து, தன் தாத்தா பட்டறையில் உமி மூட்டை எப்போதும் இருக்கும், உமியோட்டில் நெருப்பு வைப்பார் என்றாள். அடுத்த அரை மணி நேரம் வகுப்பு நாவலைப் பற்றி நிஜமாகவே பேசியது. பொருள்களின் விலையும் பயனும் தெரிந்த ஒருத்தியை மையத்தில் வைத்து எழுதுவது எப்போது தொடங்கியது, காப்பியத் தலைவியிடமிருந்து இவள் எங்கே வேறுபடுகிறாள் என்றெல்லாம் கேட்டார்கள். குரூசோ தீவில் தன் பண்டங்களைக் கணக்குப் பார்ப்பதை நடத்தும்போது கோமினியின் கரிக்காசையும் நடத்தலாம் அல்லவா?

பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய அரண்மனைப் பெண்மணி முரசாகி ஷிகிபு எழுதிய ‘கெஞ்சி கதை’, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அந்தலூசியாவில் இப்னு துஃபைல் அரபியில் எழுதிய, தனித்தீவில் வளரும் ஹை என்பவனின் கதை, சீனத்தின் பெருங்கதைகள் என்று இன்னும் சொல்லலாம். ஓர் அலகில் எல்லாவற்றையும் அடைக்க முடியாது. பெயரளவில் தெரிந்தாலே போதும்.

ஒரு கவலை உங்களுக்கு எழக்கூடும், எனக்கும் அது உண்டு. ‘எல்லாம் முன்பே நம்மிடம் இருந்தது’ என்ற வெற்றுப் பெருமைக்கு இது இடம் கொடுத்துவிடக் கூடாது. தண்டியிடமிருந்து வேதநாயகம் பிள்ளைக்கு நேர்க்கோடு போட என்னிடம் சான்று இல்லை, போடவும் மாட்டேன். தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்கவே எழுதினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆங்கிலக் கல்வியும் அச்சும் இல்லாமல் 1879 இல்லை. இதில் ஐயமே வேண்டாம்.

ஆனால் அந்த நூலை நாம் எப்படி மதிப்பிடுகிறோம் என்று பாருங்கள். கட்டுக்கோப்பில்லை, கிளைக்கதைகள் மலிந்துவிட்டன, தற்செயல்கள் அதிகம் என்று மாணவர் எழுதினால் மதிப்பெண் போடுகிறோம். கதைக்குள் கதை, பிரிவு, அலைச்சல், மாறுவேடம், மறுகூடல் ஆகியவை எல்லாம் ஹீலியோடோரஸுக்கும் தண்டிக்கும் பொதுவான உடைமைகள். பிரதாப முதலியாரின் மனைவி ஞானாம்பாள் ஆண்வேடத்தில் அரசாள்வதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில யதார்த்தத்தின் அளவுகோலால் அளந்தால் குறையாகத்தான் தெரியும். இலங்கையில் சித்திலெவ்வை 1885-இல் வெளியிட்ட ‘அசன்பே சரித்திரம்’ இன்னும் வியப்பானது. எகிப்தில் உயர்குடியில் பிறந்த குழந்தை கடத்தப்பட்டு, வேற்றூரில் வளர்ந்து, பல இடங்களில் அலைந்து, இறுதியில் பெற்றோரை அடைகிறது. காரிக்லியாவின் கதையை அறிந்த மாணவருக்கு இது எவ்வளவு பழைய பாதை என்று உடனே புரியும். காரிட்டன் தன்னை ஒரு சொற்பொழிவாளரின் எழுத்தர் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார், அவர் கதையின் பெரிய காட்சியே பாபிலோனில் நடக்கும் வழக்கு விசாரணைதான். நம் வேதநாயகம் பிள்ளை முன்சீப், சித்திலெவ்வை வழக்கறிஞர். இவர்களை ஒன்றாக வைத்துப் பேசும் வாய்ப்பை மாணவருக்கு நாம் தர வேண்டும்.

நான் கேட்பது பெரிய மாற்றம் அல்ல. நாவல் அலகின் முதல் வாரத்துக்கு மூன்று பகுதிகளைப் பாடமாக வையுங்கள்: நைல் கடற்கரைக் காட்சி, அப்யூலியஸின் மாவு ஆலை, கோமினியின் சமையல். மூன்றும் சேர்ந்து முப்பது பக்கத்தைத் தாண்டாது. கோமினி பகுதியைச் சமஸ்கிருதத் துறையோடு சேர்ந்து முதுகலை மாணவர்களையே மொழிபெயர்க்கச் சொல்லலாம். அதைவிட நல்ல மொழிபெயர்ப்புப் பயிற்சி அவர்களுக்குக் கிடைக்காது. வினாத்தாளில் ‘தமிழின் முதல் நாவல் எது?’ என்ற இரண்டு மதிப்பெண் வினாவை எடுத்துவிட்டு, ‘பிரதாப முதலியார் சரித்திரத்தின் கிளைக்கதைகள் எந்தக் கதைமரபுகளை நினைவூட்டுகின்றன?’ என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள். அதற்கு வேண்டிய வாசிப்புக் குறிப்புகளைத் தொகுத்துத் தர நானும் உடன் கற்பிக்கும் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தின் நிரலில் இதற்கு ஓர் இடம் தந்தால் நேரில் வந்து பேசுகிறோம்.

அன்புடன்,
நாவல் அலகைக் கற்பிக்கும் தமிழ் விரிவுரையாளர் ஒருவர்