ஐந்து ரூபாய் எழுபத்தொன்பது பைசா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பெரிய நிம்மதி. கட்டுப் பிரித்ததும் வாசல் கோலத்தைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் சுகம். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்குவதால் டிவிக்கு உறை போட்டாகிவிட்டது.

புது வேலையில் உன் தலையில் கட்டியிருக்கிற பழைய புரோகிராமைப் பற்றிக் கேட்டிருந்தாய். மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதிவிடலாமா என்று. வேண்டாம். உன்னால் முடியாது என்பதற்காகச் சொல்லவில்லை. அது இன்றைக்கு என்னவெல்லாம் செய்கிறது என்று உனக்கும் தெரியாது, உன் மேனேஜருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை எப்படித் திரும்ப எழுதுவாய்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் இதே ஆசை வந்தது. ஒரு கடன் சங்கத்துக்கான டெபாசிட் வட்டி கணக்கு, ஜாவாவில் எழுதியது. எல்லாம் ஒரே ஃபங்ஷனுக்குள், அதாவது ஒரே கட்டளைத் தொகுப்புக்குள், 1,400 வரி. நடுவில் டேட்டாபேஸைக் கூப்பிடும், இன்றைய தேதியைத் தானே எடுத்துக்கொள்ளும், கடைசியில் ரசீதையும் அச்சடிக்கும். எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. எதிர்பார்த்த விடை வருகிறதா என்று தானாகச் சரிபார்க்கிற டெஸ்ட் ஒன்றுகூடக் கிடையாது. புரோகிராமிங் பற்றி எழுதுகிற மைக்கேல் ஃபெதர்ஸ், 2004-இல் லெகசி கோட் (முன்பிருந்தவர்கள் விட்டுப்போன புரோகிராம் வரிகள்) என்பதற்குச் சொன்ன இலக்கணமே அதுதான்: டெஸ்ட் இல்லாத கோட். எவ்வளவு பழசு என்பது கணக்கே இல்லை. நேற்று எழுதியதாக இருந்தாலும் டெஸ்ட் இல்லையென்றால் லெகசிதான்.

நான் செய்தது இது. முதலில் இன்றைய தேதியை எடுக்கும் வரியை மட்டும் தனி மெத்தடாக, அதாவது பெயர் வைத்த குட்டி ஃபங்ஷனாகப் பிரித்தேன். அதையும் கையால் வெட்டி ஒட்டவில்லை, எடிட்டரில் இருக்கிற வசதியை வைத்தே செய்தேன். டெஸ்டில், அந்த ஃபங்ஷன் இருக்கிற கிளாஸுக்கு (கோடைத் தொகுத்து வைக்கிற அலகு) ஒரு வாரிசு கிளாஸ், அதாவது மற்றதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொண்டு வேண்டியதை மட்டும் மாற்றுகிற கிளாஸ் எழுதி, அந்த மெத்தட் எப்போதும் 2024 மார்ச் 1 என்று சொல்லும்படி வைத்தேன். டேட்டாபேஸிலிருந்து வரும் வட்டி விகிதத்துக்கும், ரசீது அச்சடிக்கிற இடத்துக்கும் அதே வழி. மூன்று இடத்தில் தையலைப் பிரித்ததும் ஃபங்ஷன் டெஸ்டுக்குள் ஓட ஆரம்பித்தது.

அப்புறம், வட்டி 0 வரும் என்று வேண்டுமென்றே தப்பான விடையைப் போட்டு ஒரு டெஸ்ட் எழுதினேன். ஒரு லட்சம் ரூபாய், எட்டரை சதவீதம், 2023 டிசம்பர் 1 முதல் 2024 மார்ச் 1 வரை, 91 நாள். ஓட்டியதும் டெஸ்ட் விழுந்தது, அதாவது விடை பொருந்தவில்லை என்றது, உண்மையில் வந்த எண்ணையும் சொன்னது: 2,113.39. காகிதத்தில் 365-ஆல் வகுத்து நான் போட்டு வைத்திருந்தது 2,119.18. வித்தியாசம் ஐந்து ரூபாய் எழுபத்தொன்பது பைசா. 2024 லீப் வருஷம் என்று உறைத்ததும், டிசம்பரின் 31 நாளை 365-ஆலும் மீதி 60 நாளை 366-ஆலும் வகுத்துக் கூட்டினேன். 2,115.36. அதுவும் இல்லை. 91 நாளையும் 366-ஆல் வகுத்தால்தான் புரோகிராமின் விடை வருகிறது.

பக்கை, அதாவது புரோகிராமில் இருக்கிற பிழையைப் பிடித்துவிட்டோம் என்று கை பரபரத்தது. ஆனால் திருத்தவில்லை. 2,113.39 என்பதையே சரியான விடையாக டெஸ்டில் எழுதி வைத்துவிட்டு, சங்கத்தில் ரிட்டயர் ஆகிவிட்ட கணக்கர் ஒருவருக்குப் போன் போட்டேன். முதிர்வுத் தேதி எந்த வருஷத்தில் விழுகிறதோ அந்த வருஷத்தின் நாள் கணக்குதான் மொத்தத்துக்கும் என்று நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். டெபாசிட் போடும்போதே கொடுக்கிற ரசீதில் முதிர்வுத் தொகையும் அப்படித்தான் அச்சாகியிருக்கும். நான் அன்றே 'திருத்தியிருந்தால்' கையில் இருக்கிற ரசீது ஒன்று சொல்லும், கவுன்டர் வேறொன்று சொல்லும். அந்த விதி வேறெங்குமே எழுதப்பட்டிருக்கவில்லை, அந்த 1,400 வரிக்குள்ளேதான் இருந்தது.

அதே வாரம் நிஜமான பக் ஒன்றும் கிடைத்தது. மூத்த குடிமக்களுக்கான கூடுதல் அரை சதவீதம், புதுப்பித்த டெபாசிட்டுகளுக்குச் சேரவே இல்லை. அன்றே சங்கத்துக்குச் சொன்னோம். ஆனால் அந்தத் திருத்தம் தனி கமிட்டாக, அதாவது தனியாகப் பதிவு செய்த மாற்றமாகப் போனது. ரீஃபேக்டரிங், அதாவது கோடின் அமைப்பை மட்டும் ஒழுங்குபடுத்துவது, செய்யும்போது விடை மாறக் கூடாது, விடையை மாற்றும்போது அமைப்பில் கை வைக்கக் கூடாது. இரண்டையும் கலந்தால், ஒரு டெஸ்ட் விழுந்ததும் எதனால் விழுந்தது என்று தேடியே பொழுது போய்விடும்.

நைட் கேப்பிடல் கதை உனக்குத் தெரியுமோ என்னவோ. அமெரிக்கப் பங்குச் சந்தை நிறுவனம். 2003-லேயே பயன்படுத்துவதை விட்டுவிட்ட 'பவர் பெக்' என்ற பகுதியை அவர்கள் கோடிலிருந்து நீக்காமல் வைத்திருந்தார்கள். எவ்வளவு பங்கு வாங்கி முடிந்தது என்று எண்ணி நிறுத்துகிற வேலை அதோடு இருந்தது. 2005-இல் அந்த எண்ணும் வேலையை வேறு இடத்துக்கு நகர்த்தினார்கள். சின்ன ரீஃபேக்டரிங்தான். ஆனால் நகர்த்திய பிறகு பவர் பெக்கை யாரும் டெஸ்ட் செய்து பார்க்கவில்லை. 2012-இல் புது வேலை ஒன்றுக்குப் பவர் பெக்கை இயக்கி வந்த பழைய ஃப்ளாகையே (ஆன்-ஆஃப் சுவிட்ச் மாதிரி) எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வரில் ஒன்றுக்கு மட்டும் புது கோட் போய்ச் சேரவில்லை. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வரில் பவர் பெக் எழுந்தது. எண்ணி நிறுத்த ஆள் இல்லை. 45 நிமிஷத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகம், 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். பதற்றத்தில் மற்ற ஏழு சர்வரிலிருந்தும் புது கோடை நீக்கினார்கள், அங்கேயும் பவர் பெக் ஓட ஆரம்பித்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 2005 மாற்றம்தான் கண்ணில் நிற்கிறது. அதைச் செய்தவர் ஒழுங்கு பண்ணுகிறோம் என்று நம்பித்தான் செய்திருப்பார்.

உனக்கு இன்னொன்று. டெஸ்ட் எல்லாம் பச்சையாக இருக்கிறது, ஒன்றும் விழவில்லை என்று உடனே வெட்ட ஆரம்பித்துவிடாதே. ஒரு கூட்டலைக் கழித்தலாக மாற்றிவிட்டு ஓட்டிப் பார். ஒரு டெஸ்டும் விழவில்லையென்றால் அந்த வரிக்குக் காவல் இல்லை என்று அர்த்தம். அப்படி எனக்கு இரண்டு ஓட்டை கிடைத்தது, இரண்டும் முதிர்வுக்கு முன்பே கணக்கை மூடும் இடத்தில். மொத்தமும் நாலு செகண்டில் ஓடி முடிகிறபடி வைத்துக்கொண்டேன். ஒரு மெத்தட் பிரித்தால் ஒரு ஓட்டம், ஒரு கமிட். நாளுக்கு ஒரு மணி நேரம்தான் ஒதுக்க முடிந்தது. ஏழு வாரத்தில் அந்த ஃபங்ஷன் ஒரு திரையில் அடங்கிவிட்டது. முழுவதையும் தொடவும் இல்லை. அச்சடிக்கிற பகுதி அசிங்கமாகத்தான் இருக்கிறது. அதில் யாரும் மாற்றம் கேட்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

உன்னிடம் இருக்கிற பெரிய ஃபங்ஷனுக்குள் என்னென்ன வருகிறது, எங்கெல்லாம் எழுதுகிறது என்று ஒரு தாளில் கையால் குறித்துப் போட்டோ எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிபன் முடித்துவிட்டுக் கூப்பிடுகிறேன், முதல் டெஸ்டைச் சேர்ந்தே எழுதலாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல். சொட்டு மருந்து விடுவதை ஒரு வேளைகூட விட வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்