செயலாளரின் ஆண்டறிக்கை, 2017

தலைவருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பொங்கல் விழா, தமிழ் வகுப்பு, நூலகம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. சந்தா பாக்கியும் வழக்கம்போலத்தான்.

விரிவாகச் சொல்ல வேண்டியது, லண்டன் போ ஸ்ட்ரீட்டில் உள்ள பழைய போலீஸ் கோர்ட்டைப் பார்க்கப் போனதைப் பற்றி. ராயல் ஓப்பரா ஹவுஸுக்கு எதிரே, 1881இல் திறந்த கட்டடம். 2006 ஜூலையில் கோர்ட்டை மூடிவிட்டார்கள். இப்போது ஓட்டலாக மாற்றப்போகிறார்கள். வேலை தொடங்கிவிட்டால் பழைய கோலத்தில் பார்க்கக் கிடைக்காது என்பதால்தான் செயற்குழு அவசரப்பட்டது.

ஆஸ்கார் வைல்டை 1895இல் இங்கேதான் நிறுத்தினார்கள். 1908இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுக் கைதான கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்ட், நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜையே சாட்சியாக அழைத்துக் கேள்வி கேட்டார். இதையெல்லாம் வழிகாட்டி அழகாகச் சொன்னார். நமக்கு வேண்டிய 1910ஐ மட்டும் தாண்டிப் போய்விட்டார். அந்த மார்ச்சில் விக்டோரியா ரயில் நிலையத்தில் பிடிபட்ட சாவர்க்கரை இந்தக் கோர்ட்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள். பாரிஸ்டர் படிப்புக்காக வந்து லண்டனில் இருந்த நம் வ.வே.சு. ஐயர், பிரிக்ஸ்டன் சிறைக்கே போய் அவரைப் பார்த்தவர். அதே ஆண்டு போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் புதுச்சேரி போய்ச் சேர்ந்தார். நம் நூலகர் இதைச் சொல்லச் சொல்ல, வழிகாட்டி நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

அப்புறம் லாக்கப் அறைகள். சுவர் முழுக்க வழவழப்பான வெள்ளை ஓடு. தண்ணீர் அடித்துக் கழுவ வசதி. உட்காரவும் படுக்கவும் ஒரே மரப்பலகை. குடித்துவிட்டு வந்தவர்களை மொத்தமாகப் போட்டு வைத்த பெரிய அறைக்கு 'டாங்க்' என்று பேர். உறுப்பினர் ஒருவர் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினோம். உடனே உள்ளேயிருந்து தட்டல். படம் எடுக்கக்கூட நேரம் தரவில்லை.

கட்டடத்தில் ஓர் அருங்காட்சியகமும் வரும் என்கிறார்கள். அதில் 1910 வழக்கையும் சேர்க்கக் கேட்டுக் கடிதம் எழுதச் செயற்குழு விரும்புகிறது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன். வர முடியாதவர்களுக்காகப் படங்களை நூலகத்தில் வைத்திருக்கிறோம். ஆல்பத்தை வீட்டுக்கு எடுத்துப் போக அனுமதியில்லை.

செயலாளர்