14 நாள் காடு: வேனோடு கிளம்பும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, தேசியக் காடுகளில் மாதக்கணக்கில் சுற்றலாம் என்று கிளம்பும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் போகப்போவது தேசியப் பூங்காவுக்கு அல்ல, தேசியக் காட்டுக்கு. யோசெமிட்டியும் யெல்லோஸ்டோனும் பூங்காக்கள். உள்துறையின் (டிபார்ட்மென்ட் ஆஃப் தி இன்டீரியர்) கீழ் வருபவை. அங்கே நினைத்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டித் தூங்கினால் நள்ளிரவில் ரேஞ்சர் என்ற பூங்கா அதிகாரி கண்ணாடியைத் தட்டுவார். தேசியக் காடுகளை 1905 முதல் ஃபாரஸ்ட் சர்வீஸ் நடத்துகிறது. அது வேளாண்மைத் துறையைச் சேர்ந்தது. 154 காடுகள், புல்வெளிகளையும் சேர்த்தால் சுமார் 19 கோடியே 30 லட்சம் ஏக்கர். அங்கே மரம் வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், வேட்டையாடுகிறார்கள். நமக்கும் அங்கே இடம் உண்டு. கட்டணம் கிடையாது, முன்பதிவு கிடையாது. குழாயும் கழிப்பறையும் குப்பைத்தொட்டியும் கூடத்தான் கிடையாது. இதற்கு டிஸ்பெர்ஸ்டு கேம்பிங் என்று பெயர்.

இடம்தான் இலவசம். அங்கே குடியிருக்கும் உரிமை யாருக்கும் இல்லை. அனுமதியின்றிக் காட்டு நிலத்தைக் குடியிருப்பாகப் பயன்படுத்துவது கூட்டாட்சி விதிப்படி குற்றம். பெரும்பாலான காடுகளில் 30 நாளில் 14 நாள் தங்கலாம். ஆனால் நாடு முழுக்க ஒரே கணக்கு என்று நம்பிவிடாதீர்கள். வயோமிங்கில் பிரிட்ஜர்-டீட்டன் காட்டின் ஷேடோ மவுண்டனில் கோடையில் 5 நாள்தான். 14 நாள் முடிந்ததும் அடுத்த வளைவில் வண்டியைப் போடுவதை எல்லா இடத்திலும் நகர்வதாக ஏற்க மாட்டார்கள். எனவே போகும் முன் அந்தப் பகுதியின் ரேஞ்சர் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். எத்தனை நாள் தங்கலாம், பிறகு எவ்வளவு தூரம் நகர வேண்டும், நாள் கணக்கு முழுக் காட்டுக்கா இந்த மாவட்டத்துக்கு மட்டுமா, இப்போது நெருப்புக் கட்டுப்பாடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். பொறுமையாகவே பதில் சொல்வார்கள். வார இறுதியில் பல அலுவலகங்கள் பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பிய பிறகு கேட்டுப் பயனில்லை.

நாள் வரம்பை மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரேகானில் பெண்ட் நகருக்குத் தெற்கே உள்ள சைனா ஹேட் சாலையைப் பாருங்கள். வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் அங்கே ஆண்டுக்கணக்கில் வண்டிகளில் தங்கியிருந்தவர்கள் பலர். காட்டைச் சீரமைக்கும் பணிக்காக 2025 மே 1 முதல் அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள். போக்கிடமில்லாதவர்களும் விருப்பத்தால் சுற்றுபவர்களும் அதிகாரியின் பட்டியலில் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம். இதை மறக்காதீர்கள்.

சாலைக்கு எம்.வி.யூ.எம். (மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப்) என்ற ஃபாரஸ்ட் சர்வீஸ் வரைபடம் இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் பார்க்கவே சலிப்பாக இருக்கும். ஆனால் சட்டம் அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சாலைக்கும் எண், எந்த வண்டி போகலாம், எந்த மாதங்களில் திறந்திருக்கும் என்பதெல்லாம் அதில் உண்டு. சாலையின் இருபுறமும் புள்ளிகள் இட்டிருந்தால், அங்கே குறிப்பிட்ட தூரம் வரை வண்டியை உள்ளே கொண்டுபோய்த் தங்கலாம். புள்ளி இல்லாத சாலையில் கண்ணெதிரே அழகான வெட்டவெளி இருந்தாலும் உள்ளே இறக்காதீர்கள். சிக்னல் இருக்கும்போதே இந்த வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அரிசோனாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல் மழை வரும். காலையில் கார் ஓடிய அதே களிமண் சாலை மாலையில் சோப்புக்கட்டி ஆகிவிடும். நான்கு சக்கர விசையை நம்பிக் கிளப்பினால் சாலையும் பாழாகும், வண்டியும் பள்ளத்தில் சரியும். ஒரு நாள் வெயிலுக்குக் காத்திருந்தால் போதும். அதற்கென்று கையில் இரண்டு நாள் கூடுதல் உணவும் தண்ணீரும் வேண்டும். வண்டியை நிறுத்துமுன் அண்ணாந்து பாருங்கள். வண்டு அரித்த பட்டமரம் தலைக்கு மேல் நின்றால், காற்று இல்லாத நாளிலும் அந்த இடம் வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கில்தான் பெரும்பாலானோர் தோற்கிறார்கள். குடிக்க, சமைக்க, கழுவ என்று ஆளுக்கு நாளுக்கு 2 கேலன் வைத்தால், இருவருக்கு 14 நாளில் 56 கேலன். ஒரு கேலன் 8.34 பவுண்டு. மொத்தம் 467 பவுண்டு, அதாவது சுமார் 212 கிலோ. மினிவேனில் இருவரும் ஏறி, பேட்டரி, பாத்திரம், படுக்கை எல்லாம் ஏற்றிய பிறகு இந்த எடையையும் தாங்குமா என்பதை ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் எடை வரம்பு சொல்லும். தாங்காமல் போகலாம். எனவே ஒரு வாரத்துக்கு மட்டும் ஏற்றுங்கள். 7 கேலன் கேன் நான்கு. நிரம்பினால் ஒவ்வொன்றும் 26 கிலோவுக்கு மேல். தரையோடு, சக்கர அச்சுக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டுங்கள். ஓடைத் தண்ணீர் பளிங்கு போல் இருந்தாலும் மாட்டுச் சாணமும் ஜியார்டியா என்ற குடல்நோய்க் கிருமியும் கண்ணுக்குத் தெரியாது. கொதிவந்த பின் 1 நிமிடம் கொதிக்கவிடுங்கள், 6,500 அடிக்கு மேல் 3 நிமிடம். குழல் வடிகட்டி வைத்திருந்தால் இரவில் போர்வைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை உறைந்தால் உள்ளே நுண்குழல்கள் விரிந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆனால் அது இனி வடிகட்டாது.

அடுத்து நம் சமையல். 7,000 அடியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பு கேஸைத்தான் தின்னும், குழையாது. சிறிய குக்கர் ஒன்று கட்டாயம். ஆனால் குக்கரின் வெயிட் வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு அழுத்தம் என்பதைத்தான் பிடித்து வைக்கிறது. வெளிக்காற்றே மெலிந்திருப்பதால் உள்ளே சூடும் சில டிகிரி குறையும். பருப்பை ஊறவைத்து, வீட்டில் விடுவதைவிட இரண்டு மூன்று விசில் கூட விடுங்கள். அரிசி களைந்த நீரில் பாத்திரத்தின் முதல் கழுவலை முடித்துவிடலாம். இரவில் 5 டிகிரிக்கு இறங்கும் மலையில் இட்லி மாவு பொங்கும் என்று காத்திருக்காதீர்கள், அது பொங்காது.

கேசட் அடுப்பில் போடும் பியூட்டேன் டப்பா உறைநிலைக்கு அருகே ஆவியாவதையே நிறுத்திவிடும்; டப்பா நிறைய கேஸ் இருந்தும் சுடர் அணையும். அடுப்பில் கோளாறு என்று கழற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. இலையுதிர் காலத்துக்குப் பிறகு புரொப்பேன்தான் சரி. வண்டிக்குள் கேஸ் ஹீட்டர் போட்டால் கார்பன் மோனாக்சைடு அலாரமும் திறந்த சன்னலும் வேண்டும். அதை எரியவிட்டுத் தூங்கவே கூடாது. சிறிய ஹீட்டர்களில் ஆக்சிஜன் குறைந்தால் தானே அணைக்கும் சென்சார் இருக்கும். அதுவே 7,000 அடிக்கு மேல் ஹீட்டர் திடீரென அணைந்துபோவதற்கும் காரணமாகலாம். அதற்காகச் சென்சாரை நோண்டாதீர்கள். கனமான தூக்கப்பை வாங்குங்கள். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் நிரந்தரமாகக் கெடும் என்பதையும் காலை வெயிலில் சோலாரை மாட்டுமுன் நினைவில் வையுங்கள்.

மலம் பற்றிப் பேசக் கூச்சம் வேண்டாம். நல்ல முகாமிடங்கள் மூடப்படுவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் கூடாரத்திலிருந்தும் 200 அடி, அதாவது சுமார் 70 எட்டு தள்ளிப் போங்கள். 6 முதல் 8 அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். மக்கவைக்கும் உயிர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. ஆழம் கூடினால் மக்காது, குறைந்தால் விலங்கு கிளறும். டிஷ்யூ பேப்பரைப் புதைக்காமல் பையில் கட்டி எடுத்து வாருங்கள். நாம் தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர்கள் என்பது இங்கே நமக்குச் சாதகம். ஆளுக்கு அரை லிட்டர் பாட்டில் போதும், குப்பையும் இல்லை. பாறை நிலத்திலும் உறைந்த மண்ணிலும் குழி தோண்ட முடியாது. அங்கே ஜெல் பொடி போட்ட மலப்பைதான்.

பாத்திரம் கழுவிய நீரை வடிகட்டி, பருக்கைகளைக் குப்பைப் பையில் போட்டு, நீரை ஓடையிலிருந்து 200 அடி தள்ளிப் பரவலாக வீசுங்கள். கரடி இருக்கும் பல காடுகளில் உணவைப் பூட்டி வைப்பது கட்டாய ஆணையாகவே இருக்கும். சாம்பார் பொடி, பெருங்காயம், பற்பசை, தேங்காய் எண்ணெய் எல்லாமே கரடியின் மூக்குக்குச் சாப்பாடுதான்.

நெருப்பை முடிந்தவரை தவிருங்கள். கலிபோர்னியாவில் கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே கேஸ் அடுப்பு பற்றவைக்கக்கூட இலவச கேம்ப்ஃபயர் பெர்மிட் வேண்டும். முதல் கட்டக் கட்டுப்பாடு வந்தாலே பொதுவாக டிஸ்பெர்ஸ்டு இடங்களில் விறகு நெருப்பு கிடையாது. மூடித் திறக்கும் வால்வு உள்ள கேஸ் அடுப்புக்கு அனுமதி இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இருக்கும் நாளிலும் அணைக்கும்போது சீறல் நிற்கும்வரை தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் அணையவில்லை. 2021 ஆகஸ்ட் கடைசியில் கலிபோர்னியாவின் தேசியக் காடுகள் ஏறக்குறைய அனைத்தையும் சுமார் இரண்டு வாரத்துக்குப் பூட்டினார்கள். காட்டையே வீடாக நம்பியவர்களுக்கு அன்று போக இடமில்லை. அதனால் இன்னொரு மாநிலத்தில் இரண்டாவது இடம் ஒன்றை எப்போதும் யோசித்து வையுங்கள்.

விசாவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. முகவரி மாறினால் 10 நாளுக்குள் ஏ.ஆர்.-11 என்ற முகவரி மாற்றப் படிவம் வழியாகக் குடிவரவுத் துறைக்கு அறிவிக்க வேண்டும். எச்-1பி வேலை விசா மனுவில் குறித்த வேலையிடத்தின் சுற்றுவட்டாரத்தைத் தாண்டி, காட்டிலிருந்து லேப்டாப்பில் தொடர்ந்து வேலை பார்த்தால் நிறுவனம் திருத்திய மனு போட வேண்டி வரலாம். மேனேஜரின் "பரவாயில்லை" இதற்குப் போதாது. நிறுவனத்தின் குடிவரவு வழக்கறிஞரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். அரிசோனா, நியூ மெக்சிகோ தெற்கில் எல்லைக் காவல் சோதனைச் சாவடிகள் சாலை நடுவே இருக்கும். ஐ-94 என்ற நாட்டு நுழைவுப் பதிவின் பிரதியும் பாஸ்போர்ட்டும் வண்டியில் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நல்ல இடம் கிடைத்தால் வாட்ஸ்அப் குழுவில் ஜி.பி.எஸ். குறியை அனுப்பாதீர்கள். காட்டின் பெயரையும் மாவட்ட அலுவலகத்தின் போன் எண்ணையும் அனுப்புங்கள். சங்கத்து நண்பர்கள் எல்லோரும் வருகிறோம் என்றால் தலையை எண்ணுங்கள்; 75 பேரைத் தொட்டால் முன்கூட்டியே தனி அனுமதி வாங்க வேண்டும்.

அன்புடன்,
காட்டுச் சாலைகளில் சுற்றும் சில தமிழர்கள்