அணிந்துரை கேட்டவனுக்கு

திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் கோப்பும் வந்து இரண்டு கிழமை ஆகிறது. பதில் போடாததற்குக் கோபிக்காதே. இங்கே கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. பகலில் வீட்டுக்குள் இருக்கவும் முடியவில்லை, வெளியில் இறங்கவும் முடியவில்லை. கோட்டைக்குள் மான்கள்கூட மர நிழலை விட்டு அசைவதில்லை. என் முழங்கால் பழையபடிதான். கோணேசர் கோயிலுக்கு ஏறுவதை மாதத்தில் ஒரு நாளாகக் குறைத்துவிட்டேன். மனிசி உங்கள் எல்லோரையும் சுகம் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் புத்தகத்துக்கு இரண்டு பக்கத்தில் ஓர் அணிந்துரை கேட்டிருக்கிறாய். ஆடியில் இங்கே மண்டபம் எடுத்தாயிற்று, அட்டைப்படம் முடிந்தது, அணிந்துரை கிடைத்தவுடன் அச்சுக்குப் போகலாம் என்கிறாய். நான் தரப்போவதில்லை. பொறு, கடிதத்தைக் கிழித்துவிடாதே. முதலில் போன மாதக் கதையைக் கேள். கேட்ட பிறகு கிழி.

நம் ஊரில் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர் நாவல் எழுதி, சொந்தக் காசில் 300 பிரதி அச்சடித்து, வெளியீட்டு விழா வைத்தார். ஆய்வுரை என்னுடையது. புத்தகத்தைத் திறந்தால் ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை என்று படங்களோடு 14 பக்கம். அதைத் தாண்டினால் நாவல் வருகிறது. 30ஆம் பக்கத்தில் ஒரு பெயரோடு இருந்த கதாநாயகிக்கு 90ஆம் பக்கத்தில் வேறு பெயர். நாவலின் ஓர் இடத்தில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், இன்னோர் இடத்தில் ஆறு. 1978இல் ஒருவன் பஸ்ஸில் இருந்தபடியே கிண்ணியாப் பாலத்தைக் கடக்கிறான். அந்தப் பாலம் திறந்தது 2009இல்! அதற்கு முன் நாமெல்லாம் பாதையில், அதுதான் அந்த மிதவையில், ஏறித்தானே அக்கரைக்குப் போனோம்.

மேடையில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? வழக்கமாக எல்லோரும் சொல்வதைத்தான். "ஆங்காங்கே காணப்படும் சிறு பிழைகளை அடுத்த பதிப்பில் நூலாசிரியர் திருத்திக்கொள்வார் என்று எதிர்பார்க்கிறேன்." கைதட்டினார்கள். 300 பிரதியில் பாதி இப்போதும் அவர் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. அடுத்த பதிப்பு எங்கிருந்து வரும்? விழா முடிந்து பிளேன்டீ குடிக்கும்போது அவர் கிட்ட வந்து மெதுவாகக் கேட்டார்: "சேர், ஒரு வருசத்துக்கு முதலே உங்களிட்ட கோப்பைத் தந்தனான். நல்லாயிருக்கு எண்டுதானே சொன்னீங்கள்?"

உண்மை, மச்சான். தந்தார்தான். நான் முதல் அத்தியாயத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்று சொன்னேன். அவருடைய ஓய்வூதியக் காசில் அச்சான பிழைகளில் என் பங்கும் இருக்கிறது. அன்று இரவு நித்திரை வரவில்லை. அதற்கு இரண்டாம் நாள்தான் உன் கோப்பு வந்தது. நீ கெட்ட நேரத்தில் கேட்டிருக்கிறாய்.

இதை யோசித்தபோது நான் உயர்தரம் எழுதிவிட்டு அச்சகத்தில் நின்ற இரண்டு வருடம் நினைவுக்கு வந்தது. உனக்குத் தெரியும், மையும் மண்ணெண்ணெயும் மணக்க வந்து உன் வீட்டுத் திண்ணையில் இருப்பேன். அங்கே ஈய எழுத்துத் தாராளமாக இருக்காது. 8 பக்கம் கோத்து, புரூஃப் எடுத்து, அச்சடித்து, எழுத்தைக் கலைத்துப் பெட்டியில் போட்டால்தான் அடுத்த 8 பக்கம் கோக்கலாம். கலைத்த பிறகு பிழை கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய புத்தகங்களின் கடைசியில் 'பிழைதிருத்தம்' என்று ஒரு பக்கம் இருக்குமே, அது அப்படி வந்ததுதான். அந்தப் பயத்தில் இரண்டு பேர் இருந்து பார்ப்போம். நான் மூலப்பிரதியை உரத்து வாசிக்க வேண்டும், முதலாளி புரூஃபில் விரல் வைத்துக்கொண்டே போவார். காற்புள்ளியைக்கூட வாயால் சொல்ல வேண்டும். இன்றைக்கு ஒரு விசையைத் தட்டினால் எதையும் மாற்றலாம். எப்போதும் மாற்றலாம் என்றிருப்பதால் ஒருவரும் மாற்றுவதில்லை. நீயும் உன் கடிதத்தில், "பிழை இருந்தாலும் பரவாயில்லை, கிண்டிலில் போடும்போது திருத்திக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறாய். கிண்டிலில் கோப்பை மாற்றலாம்தான். ஆடியில் மண்டபத்தில் கையில் வாங்கிக்கொண்டு போகிறவனின் பிரதியை எப்படி மாற்றுவாய்?

நாவலர் காலத்துப் புத்தகங்களின் முகப்பைப் பார்த்திருப்பாய். இன்னாரால் 'பரிசோதித்து' அச்சிற் பதிப்பிக்கப்பட்டது என்று இருக்கும். 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்த மனிதர், அவர் பதிப்பு என்றால் பிழை இராது என்று இன்றைக்கும் பெயர். பரிசோதித்தவர் பெயர் முகப்பில் இருந்தால், பிழைக்கும் அவர்தான் பொறுப்பு. இப்போது முகப்பின் பின்பக்கத்தில் அட்டை வடிவமைத்தவர் பெயர் இருக்கிறது, பக்கம் வடிவமைத்தவர் பெயர் இருக்கிறது, அச்சகத்தின் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. புத்தகத்தை வாசித்துப் பார்த்தது யார் என்று ஒரு வரி இல்லை. ஏனென்றால் ஒருவரும் வாசிக்கவில்லை.

ஐ.எஸ்.பி.என். எடுத்துவிட்டேன், சர்வதேசத் தரம் என்றும் எழுதியிருந்தாய். சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். 978-955, 978-624 என்று தொடங்கினால் இலங்கையில் வெளிவந்த புத்தகம் என்று அடையாளம் காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. உள்ளே என்ன இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. ஆனால் அந்த எண்ணில் ஒரு வடிவான ஏற்பாடு உண்டு. 13 இலக்கத்தையும் மாறி மாறி 1ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டினால் 10ஆல் மீதியின்றிப் பிரிய வேண்டும். பிரியாவிட்டால் எங்கோ ஓர் இலக்கம் பிழை. கடைசி இலக்கமே அந்தக் காவலுக்குத்தான் நிற்கிறது. எண்ணுக்குக் காவல் வைத்தவர்கள் புத்தகத்துக்கு வைக்கவில்லை, அதை எங்கள் தலையில் விட்டுவிட்டார்கள்.

நன்னூலை பிரம்புக்குப் பயந்து பாடமாக்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று பத்துக் குற்றம். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்போது பார்த்தால் பவணந்தியார் எழுதி வைத்தது அச்சொட்டாக ஒரு செம்மையாக்குநரின் கைக்குறிப்பு. கன்னியாவின் ஆறு கிணறு மாறுகொளக் கூறல். உன் கோப்பில் இருப்பது மற்றொன்று விரித்தல். சொல்கிறேன், கேள்.

1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பான்காரன் இங்கே குண்டு போட்டதை 11 பக்கம் எழுதியிருக்கிறாய். ஹேர்மிஸ் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியதும், எத்தனை விமானம் வந்ததும், எந்தத் தளபதி என்ன சொன்னார் என்பதும். அதெல்லாம் வேறு புத்தகங்களில் இருக்கிறது. உன் அப்பா பதினேழு வயதில் டொக்யார்ட் பக்கம் பதுங்கு குழிக்குள் இருந்தபடி, வீட்டில் அடுப்பில் வைத்த சோறு குழைந்துவிடுமே என்று கவலைப்பட்டார் என்று ஒன்றரைப் பக்கம் வருகிறதே, அது வேறு எங்கும் இல்லை. அதை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டு. வெட்டுவது வலிக்கும். எனக்கும் வலித்தது, உன்னோடு படித்தவன் என்பதால் சொல்கிறேன்.

பிறகு, நிலாவெளியில் நின்று சூரியன் கடலில் மறைவதைப் பார்த்ததாக எழுதியிருக்கிறாய். நாற்பது வருடம் டொரண்டோவில் இருந்தால் சூரியனும் திசை மாறுமா? நிலாவெளிக் கடலில் சூரியன் உதிக்கும். மறைவது முதுகுப்பக்கம். உட்துறைமுக வீதியில் நின்று துறைமுகத்துப் பக்கம் பார்த்தாய் என்று எழுதினால் ஒத்துக்கொள்கிறேன். இதைத் தமிழ் ரீச்சர் ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார். இங்கே புத்தகம் 'பிழை பார்க்க' என்று தமிழ் படிப்பித்தவரிடம்தான் கொடுக்கிறார்கள். அவர் வல்லினம் மிகும் இடமெல்லாம் திருத்திவிட்டு, சூரியனைக் கிழக்கிலேயே மறைய விடுவார். எழுத்துப் பார்ப்பது ஒரு வேலை, வசனம் பார்ப்பது இன்னொரு வேலை, சொன்னது நடக்கக்கூடியதா என்று பார்ப்பது மூன்றாவது. ஒரே ஆள் ஒரே வாசிப்பில் மூன்றையும் செய்ய முடியாது. நான் முயன்று தோற்றிருக்கிறேன்.

ஊர் தெரியாதவர் கைக்குப் போனால் வேறு ஆபத்து. என் சிறுகதைத் தொகுப்பைச் சென்னையில் அச்சடித்த கதையை உனக்குச் சொல்லவில்லை, வெட்கத்தில். 'பாதை வரும்வரை கரையில் காத்திருந்தோம்' என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர் பாதை எப்படி வரும் என்று யோசித்திருக்கிறார். புத்தகத்தில் 'பாதை தெரியும்வரை கரையில் காத்திருந்தோம்' என்று வந்தது. இன்னோர் இடத்தில் பத்திரகாளி கோயில் வாசலில் கச்சான் வாங்கித் தின்றோம் என்று இருந்தது. அதற்கு ஓர் அடிக்குறிப்பு: 'கச்சான் - மேல்காற்று'. அகராதி பார்த்துத்தான் போட்டிருக்கிறார், பாவம். நம் ஊரில் வேர்க்கடலையும் கச்சான்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நாங்கள் காற்றைத் தின்று வளர்ந்தவர்கள் என்று தமிழ்நாட்டில் யாரும் நினைத்திருந்தால் அதற்கு நான்தான் காரணம். குற்றம் அவருடையது மட்டும் என்று சொல்லமாட்டேன். கடைசிப் புரூஃபை எனக்கு அனுப்பினார்கள், நான் பார்க்காமலே 'சரி' போட்டேன்.

ஆகவே உன் மூன்றாம் அத்தியாயத்தில் பாதையில் கடக்கும் பகுதியில் ஒரு சொல்லையும் யாரும் தொட விடாதே. கம்பியைப் பிடித்து இழுக்கிறவர்களின் கை, மீன் கூடை, உன் அப்பா யாருக்கும் கேட்காமல் முணுமுணுக்கும் தேவாரம். அந்தப் பக்கத்தை நான் இரண்டு முறை வாசித்தேன்.

இன்னொன்று. உன் கோப்பில் 'மௌனம்' என்று தேடினேன். ஆறு இடம் காட்டியது. கண்ணால் பார்த்தால் அதைவிட எவ்வளவோ! பிறகுதான் பிடிபட்டது, மற்ற இடங்களில் ஒற்றைக்கொம்புக்குப் பிறகு ளகரம் போட்டு 'மெளனம்' என்று அடித்திருக்கிறாய். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. மின்னூலாகப் போட்டால் தேடுகிறவனுக்குக் கிடைக்காது. பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றியிருந்தால் இன்னும் இப்படிப் பலது ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் திருத்து. திருத்திவிட்டு, பாதி மௌனத்தை எடுத்துவிடு. ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு மௌனம் ஆகாது.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தாய். அட்டைக்கும் மண்டபத்துக்கும் பொன்னாடைக்கும் வீடியோக்காரனுக்கும் ஒதுக்கியிருக்கிறாய். வாசிக்கிறவருக்கு ஒரு சதமும் இல்லை. பொன்னாடையை விடு. அந்தக் காசை இங்கே இருக்கும் ஓர் இளம் பிள்ளைக்குக் கொடுக்கலாம். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவள், கண் கூர்மை. எனக்குக் காசு வேண்டாம், எனக்கு நேரம் தா. ஆடி வேண்டாம், தை மாதம் வைத்துக்கொள். மழை விட்டிருக்கும், நீயும் வரலாம்.

அணிந்துரை இல்லாமல் புத்தகம் மொட்டையாக இருக்கும் என்பாய். நன்னூலே சொல்கிறது, தான்தற் புகழ்தல் தகுதி அன்று. பாயிரம் எழுதத் தக்கவர்கள் என்று ஆசிரியன், கூடப் படித்தவன், மாணாக்கன், உரைகாரன் என்று நான்கு பேரைக் கணக்கு வைத்திருக்கிறது. கூடப் படித்தவன் என்ற கணக்கில் எனக்கு இடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம் ஊர் தி. த. கனகசுந்தரம்பிள்ளையை நினைத்துப் பார். அவர் ஏடு பரிசோதித்தவர், தம்பி சரவணமுத்துப்பிள்ளை 1895இல் மோகனாங்கி என்று வரலாற்று நாவல் எழுதியவர். ஒரே வீட்டில் எழுதுகிறவனும் பரிசோதிக்கிறவனும். நமக்கு வீடு வேறு, பள்ளிக்கூடத்தில் இருந்த வாங்கு ஒன்று. புத்தகத்தில் என் பெயர் வரத்தான் வேண்டும் என்றால், முகப்பின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் 'பரிசோதித்தவர்' என்று போடு. பிழை கண்டவன் என்னைத் திட்டட்டும்.

இதுவரை நான்கு அத்தியாயம் சிவப்புப் பேனையால் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு தாள் குறையும். கோட்டைக்குள் மரத்தடியில் இருந்து வாசித்தபோது ஒரு மான் வந்து பறித்துத் தின்றுவிட்டது. குண்டுவீச்சுப் பக்கம்தான், கவலைப்படாதே. மற்றதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் போனில் சொல்லு. மூன்றாம் அத்தியாயத்தில் உன் அப்பா பாதையில் ஏறும்போது சைக்கிளையும் உருட்டிக்கொண்டு ஏறுகிறார். ஏழாம் அத்தியாயத்தைப் புரட்டினால், அதற்கு முந்திய வருடமே அக்காவின் கலியாணத்துக்காக அந்தச் சைக்கிளை விற்றுவிட்டார். எது சரி? நான் அன்று உங்களோடு வந்தேன். எனக்கு ஞாபகம் இருக்கிறபடி, அக்கரையில் இறங்கி மூதூர் வீதி முழுக்க நடந்துதான் போனோம்.

அன்புடன்,
உன் வாங்குக்காரன்