செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நமது அறிவியல் மன்றத்தின் செயற்குழு இந்த ஆண்டு ஆறு முறை கூடியது. இரண்டு முறை, கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள் (கோரம்) இல்லை. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளை வழக்கம்போல் நூலக மாடியில் கொண்டாடினோம். தொலைநோக்கி நிகழ்ச்சி மேகமூட்டத்தால் ரத்தானது.

சனிக்கிழமை ஆய்வு வகுப்பைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "மன்றமா, டியூஷன் சென்டரா?" என்று போன பொதுக்குழுவில் ஒரு மூத்த உறுப்பினர் கேட்டிருந்தார். சாரா மாறி என்றால் என்ன என்று கேட்டால் நம் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். கையில் தனி ஊசலைக் கொடுத்து, இதில் எது சாரா மாறி, எது சார்ந்த மாறி என்றால் முழிப்பார்கள். நாம் வேண்டுமென்றே மாற்றுவது சாரா மாறி. அதனால் எது மாறுகிறது என்று அளக்கிறோமோ அது சார்ந்த மாறி. மற்றதெல்லாம் அசையாமல் கட்டிப்போட வேண்டியவை. அந்தக் கட்டிப்போடுவதில்தான் எல்லோரும் வழுக்குகிறோம்.

நூலில் இரும்பு நட்டைக் கட்டி ஊசல் செய்தோம். தொங்கும் புள்ளியிலிருந்து நட்டின் நடு வரை 25 செ.மீ.; 20 அலைவுக்கு (ஒரு முறை போய்த் திரும்புவது ஓர் அலைவு) 20 விநாடி. நீளத்தை 100 செ.மீ. ஆக்கினால் 40 விநாடி. நீளம் நாலு மடங்கானாலும் நேரம் இரண்டு மடங்குதானா என்று நம்பாமல் மூன்று முறை எண்ணினார்கள். அடுத்த வாரம் பழைய நீளத்துக்கே வந்து எடையைக் கூட்டினோம். நேரம் மாறக் கூடாது. ஆனால் ஒரு குழுவுக்கு மட்டும் நாலு நட்டில் 21 விநாடி வந்தது. ஸ்டாப்வாட்ச் பழுது என்று சொல்லிவிட்டேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, "சார், ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா கட்டியிருக்கோம். நடு கீழ இறங்கிடுச்சு, நீளமும் மாறிப்போச்சு" என்றாள். 3 செ.மீ. இறங்கியிருந்தது. நாலையும் ஒரே கொத்தாகப் பழைய உயரத்தில் கட்டியதும் மறுபடி 20. ஸ்டாப்வாட்ச் மேல் பழி போட்டதுதான் மிச்சம்.

இந்தப் புத்தி எனக்கு ஆகஸ்டிலேயே வந்திருக்கலாம். மாதக் கூட்டத்துக்கு 42 உறுப்பினர்களில் ஒன்பது பேர் வந்தால் அதிகம். 1747-இல் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒரே இடத்தில் வைத்து, ஒரே சாப்பாடு போட்டு, மருந்தை மட்டும் மாற்றிப் பார்த்த கதையை நான் பேசிய அன்று வந்தவர்கள் ஆறு பேர். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர் சீக்கிரம் தேறியதைக் காலி நாற்காலிகளுக்குத்தான் சொன்னேன். சரி என்று ஆகஸ்டில் சுண்டல் போட்டேன். 23 பேர்! சுண்டலின் வெற்றி என்று மினிட் புத்தகத்திலும் எழுதிவிட்டேன். பொருளாளர்தான், "நாலு மணிக் கூட்டத்தை அன்னைக்குத்தானே ஆறு மணிக்கு மாத்தினீங்க?" என்று கேட்டார். செப்டம்பரில் ஆறு மணி, சுண்டல் இல்லை: 21 பேர். ஒரு மாதத்தை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். ஆனாலும் சுண்டலை நிறுத்திவிட்டோம். சுண்டல் செலவைக் கேள்வி கேட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். (அவர்களும் இரண்டு தொன்னை வாங்கினார்கள்.)

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. விவரம் வேண்டுவோர் பொருளாளரிடம் பார்க்கலாம். ஆண்டுச் சந்தா 300 ரூபாயைக் கட்டியவர்கள் 17 பேர். கடிதம் போட்டேன், வாட்ஸ்அப்பில் நினைவூட்டினேன், வீடு வீடாகவும் போனேன். நான் எதை மாற்றினாலும் அந்த 17 மட்டும் மாறவில்லை.

மாடியைத் தந்த நூலகருக்கும், நட்டுகளைச் சும்மா கொடுத்த ஒர்க்ஷாப் அண்ணனுக்கும், தலைவருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பச்சைப்பயறு முளைப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். ஊசல் வகுப்பும் தொடரும். அதற்கு இன்னும் நாலு ஸ்டாப்வாட்ச் வேண்டும். இருப்பது ஒன்று, நான் பழி போட்டதுதான். செயலாளரை மாற்றிப் பார்க்கலாம் என்று யாருக்காவது தோன்றினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த மாதம் வேறு எதையும் மாற்றாதீர்கள், அவ்வளவுதான். ரசீதுப் புத்தகத்தை இன்றும் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மாடிப்படி பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.